ஆறு நாள் நாற்பதில்

வாரத்தில் ஆறு நாள்
பல்லடத்திலிருந்து உடுமலைக்கும் தாராபுரத்துக்கும்
ஒரு நாள் வயசுக் குஞ்சுகளை ஏற்றிப் போகிறேன்.
பெட்டிக்கு நூறு, வண்டிக்கு மூவாயிரம்.
நாற்பதைத் தாண்டினால்
மூலையில் அடைந்து ஒன்றன்மேல் ஒன்று நசுங்கும்.
பிரேக்கை மிதிக்கக் கூடாது,
அதனிடம் கேட்க வேண்டும்.

ஏழாம் நாள் செட்டிபாளையம் ட்ராக்.
பின்சீட் கழற்றிய பழைய எஸ்டீம்.
இரண்டு வருஷச் சீட்டுப் பணம்.

வாசலில் ஒரு படிவம்:
கை போனாலும் கால் போனாலும்
உயிரே போனாலும் நடத்துபவர் பொறுப்பல்ல.
ரத்த வகை எழுதினேன்.
அவசரத்துக்கு யாரைக் கூப்பிட என்ற கட்டத்தில்
அம்மா நம்பரைப் பாதி எழுதி அடித்துவிட்டு
ஹேச்சரி நம்பரைப் போட்டேன்.
அங்கே ராத்திரியிலும் யாராவது விழித்திருப்பார்கள்.

முகப்பு விளக்கில் பெருக்கல் குறியாய் டேப் ஒட்டியபடி
நாச்சிமுத்து சொன்னான்:
"டிஸ்க் பழசுங்க்கா.
மூணு சுத்து ஓட்டுங்க, ஒரு சுத்து ஆற விடுங்க.
நாலாவதுல நம்பிப் போயராதீங்க."

வாடகை ஹெல்மெட்டுக்குள்
யாரோ ஒருத்தருடைய தேங்காயெண்ணெய் வாசம்.

முதல் சுற்று கோயிலுக்குள் நுழைவதுபோல் போனேன்.
இரண்டாவதில் நேர்கோட்டில் ஆனிக்காற்று,
பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்தது,
கதவில் தோள் கொடுத்துத் தள்ளியது.
நூற்றுப் பத்து. நூற்று இருபது.
தாரில் ஒட்டுப்போட்ட ஒரு கருப்புச் சதுரம்,
அதுதான் என் அடையாளம்,
அங்கே மிதி, இப்போது திருப்பு, விடு.
நாலு டயரும் சன்னமாய் முனகின,
மாவாட்டும்போது கிரைண்டர் முனகுமே, அந்தச் சுருதியில்.

மூன்றாவது சுற்றில்தான் புரிந்தது
எனக்குப் பின்னால் மூவாயிரம் உயிர் இல்லை.
ஒன்றுதான். அதுவும் என்னது.
சிரித்துவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் சிரித்தால்
காதில்தான் கேட்கிறது.

ஆற விட வேண்டிய சுற்றை ஆற விடவில்லை.

கருப்புச் சதுரத்தில் மிதித்தேன்.
கனிந்த கொய்யாவை மிதித்ததுபோல்
பெடல் கொழகொழவென்று உள்ளே போனது.
டயர் அடுக்கு, வேலிக்கம்பி, டீ பந்தல்,
டயர் அடுக்கு, வேலிக்கம்பி, வானம் கொஞ்சம்.
நின்றபோது வந்த பக்கம் பார்த்து நின்றிருந்தேன்.
இஞ்சின் அணைந்து
எங்கோ ஒரு மயில் அகவியது.

அந்த நேர்கோட்டை எதிரிலிருந்து
யாரும் பார்க்கக் கூடாது.
மஞ்சள் கொடி ஆட்டும் பையன்
இரண்டு கையாலும் ஆட்டினான்.
நீலப் போலோ ஒன்று பெரிசாகி, இன்னும் பெரிசாகி,
ஒரு முழம் தள்ளிப் போனது.
அவர் கண்ணைப் பார்த்தேன்.
அவர் என் கண்ணைப் பார்த்திருப்பார்.

ஈரோட்டில் மஞ்சள் மண்டியாம், பேர் தியானேஸ்வரன்.
பிறகு தண்ணீர் பாட்டிலோடு வந்தார்,
"ஒண்ணும் ஆகலைங்களே?"
மூடியைத் திறக்க
அவர் விரலுக்கும் முடியவில்லை, என் விரலுக்கும்.

பயம் அப்புறம்தான் வந்தது,
பந்தி முடிந்தபின் வரும் ஒரம்பரை மாதிரி.
உட்கார வைத்தேன்.
போவதாய்த் தெரியவில்லை.
தாரில் என் டயர் எழுதியதைப் பார்க்கப் போனேன்:
நீண்டு போய்ச் சுழித்த ஒரு கொம்பு,
எழுத்தில்லாமல் கொம்பு மட்டும்.
நாச்சிமுத்து ஒன்றும் பேசாமல்
சக்கரத்தருகே உட்கார்ந்து
டிஸ்க்கின்மேல் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்தான்.
"மத்தியானம் இன்னொரு செஷன் இருக்குங்களா?"
கேட்டது என் குரல்தான்.

திங்கள் விடியல் நாலு மணி, குண்டடம் ரோடு.
முப்பது பெட்டி, கீச்கீச்சென்று ஒரே மூச்சு.
பின்னால் ஒரு டெம்போ ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வந்து
என்னைத் தாண்டுகையில் தலையை நீட்டி
ஓட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு வண்டி என்றது.
தெரியாதுங்க, போங்க என்று ஒதுங்கினேன்.
முள் நாற்பதில்.
வளைவு வந்தது.
இடது கை தானாக எழுந்து கியரைத் தேடியது.
தட்டி உட்கார வைத்தேன்.